வானுக்கு அடியில் ஒரு சொட்டு

எங்கள் வீட்டில் வாகனம் என்றால் அது அவருடைய விடயம், சமையல் என்றால் அது என்னுடைய விடயம். பத்து வருடங்களுக்கு மேல் இந்த ஒழுங்கில்தான் குடும்பம் நடந்தது. அந்த வான்தான் எங்கள் நால்வருக்கும் சோறு போடுகிறது. அப்படியிருந்தும் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். வாகனத்தை நம்பிப் பிழைக்கும் வேறு குடும்பங்களுக்கும் இது பயன்படக்கூடும்.

எங்களுடையது 1990களில் ஜப்பானில் செய்யப்பட்ட பழைய டீசல் வான். பாடசாலை நாட்களில் கிருலப்பனையிலும் பாமன்கடையிலும் பிள்ளைகளை ஏற்றி, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பாடசாலைகளில் இறக்கும். அவர் ஓட்டுவார். நான் கதவடியில் இருந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குவேன். விடுமுறை வந்துவிட்டால் அதே வான் எங்கள் உல்லாச வாகனமாகிவிடும். பின் ஆசனங்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பாய் விரிப்போம். சின்னக் காஸ் அடுப்பு, சோற்றுப்பானை, தண்ணீர்க் கலன், தலையணைகள் எல்லாம் ஏறும். வெளிநாடுகளில் கட்டிலும் அடுப்பும் பொருத்திய ‘கேம்பர் வான்’ என்று தனியாக விற்கிறார்களாம். எங்களுக்குப் பாயும் பானையுமே போதும்!

கினிகத்தேனை ஏற்றத்தில்

2023 சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். மச்சாளின் மகனும் கூட வந்தான். ஹைலெவல் வீதி எங்கள் கிருலப்பனையால்தானே போகிறது. அதைப் பிடித்து அவிசாவளை போய், அங்கிருந்து கித்துல்கல, கினிகத்தேனை, ஹற்றன் வழியாக ஏறுவது எங்கள் வழக்கம். கித்துல்கலவைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் டாஷ்போர்டில் இருந்த வெப்ப ஊசி மெல்ல மெல்ல மேலே போவதைக் கண்டேன்.

“என்னப்பா, ஊசி மேல போகுது?”

“அது ஒண்டுமில்லை. கொஞ்சம் தண்ணி விட்டால் சரி.”

அப்போதுதான் விடயம் வெளியே வந்தது. மூன்று வாரமாக ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் அரைப் போத்தல் தண்ணீர் ஊற்றித்தான் வானை எடுத்திருக்கிறார். ‘பழைய வண்டி, கொஞ்சம் குடிக்கும்’ என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக் கொண்டிருக்கிறார். கராஜுக்குக் கொண்டு போனால் ஓட்டம் நிற்கும், செலவு வரும் என்ற பயம். எனக்குச் சொன்னால் நான் யோசிப்பேன் என்று சொல்லவும் இல்லை.

ஓரிடத்தில் ஓரமாக நிறுத்தினோம். எங்கள் வானில் முன் ஆசனத்தைத் தூக்கினால்தான் எஞ்சின் தெரியும். ஆசனத்தைத் தூக்கினார். ஒரு துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். அடுத்த கணம் கொதிநீரும் ஆவியும் பீறிட்டு அவருடைய வலது கையிலும் நெஞ்சிலும் அடித்தது. பிள்ளைகள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

வீதியில் நின்ற ஒருவர் பற்பசை பூசச் சொன்னார். எப்போதோ ஒரு சுகாதார வகுப்பில் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது: எரிகாயத்துக்குப் பற்பசையும் வேண்டாம், ஐஸும் வேண்டாம், இருபது நிமிடம் சாதாரண தண்ணீர் ஓட வேண்டும். வீதியோரக் குழாயடியில் அவரை இருத்தி, கையிலும் நெஞ்சிலும் தண்ணீரை ஊற்றிக் கொண்டே இருந்தேன். பிறகு முச்சக்கர வண்டி ஒன்றில் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். அந்த இருபது நிமிடத் தண்ணீர் நல்ல காரியம் செய்தது என்று அங்கே மருந்து கட்டிய தாதி சொன்னார்.

வான் நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் நிரப்பி, ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு தடவை நிறுத்திப் பார்த்துப் பார்த்து, மச்சாளின் மகன் அதைக் கொழும்புக்கு இறக்கினான். அந்த வருடம் நாங்கள் நுவரெலியாவைப் பார்க்கவில்லை.

இனி யாரிடம் கேட்பது?

பாடசாலை தொடங்க நான்கே நாட்கள் இருந்தன. அவர் கட்டுப்போட்ட கையோடு கட்டிலில். வான் ஓடாவிட்டால் பெற்றோர் வேறு வான் பார்ப்பார்கள். போன பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேறு வான் வாங்குவது என்பதோ நினைத்தும் பார்க்க முடியாத காரியம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படவில்லை. என் வயதுக்குச் சற்றுக் குறைந்த பழைய வான்கள்கூட வீடு காணி விலை பேசின. 2025 இல் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும் வரிகளோடு சேர்ந்த விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை. ஆகவே இருக்கிற வானைக் காப்பாற்றுவது தவிர வேறு வழியில்லை.

முதலில் போன கராஜில் எஞ்சினை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “ஹெட் போய்விட்டது, இறக்க வேண்டும்” என்றார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் செலவு சொன்னார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். “வீட்டில் ஐயாவை வரச் சொல்லுங்கள், அவரோடு கதைக்கிறோம்” என்றார்கள். எனக்கு முகம் சிவந்தது. ஆனால் அந்தப் பதில்தான் என்னை விழிக்கச் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாகப் போனது வயதான ஒரு சிங்கள பாஸிடம். அவர் எஞ்சின் குளிரும் வரை காத்திருந்தார். பிறகு, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் போன்ற ஒரு கருவியை ரேடியேட்டர் வாயில் பொருத்தி மெதுவாக அடித்தார். அதில் ஒரு முள் இருந்தது. முள் ஏறியது, ஏறிய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“நங்கி, தண்ணீர் எங்கேயோ போகுது. எங்கே என்று பார்ப்போம். பார்க்காமல் ஹெட் கழற்றக் கூடாது” என்றார் தனக்குத் தெரிந்த தமிழில்.

ரோச் வெளிச்சத்தோடு வானுக்கு அடியில் படுத்தவர், பதினைந்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எஞ்சினிலிருந்து பின் ஆசனப் பக்கம் போகும் ஓர் இரும்புக் குழாய். அது துருப்பிடித்து ஊசி முனையளவு ஓட்டை விழுந்திருந்தது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஜப்பானின் குளிருக்காகப் பின் ஆசனத்தில் இருப்பவர்களுக்கு வைத்த ஹீட்டருக்குச் சூடான தண்ணீர் கொண்டுபோகும் குழாய் அது! கொழும்பு வெயிலில் எங்களுக்கு எதற்கு ஹீட்டர்? நாங்கள் ஒரு நாளும் போடாத ஹீட்டருக்காக அந்தக் குழாய் வருடக் கணக்காகத் தண்ணீர் சுமந்து, மழைச் சேறும் வெள்ளவத்தைக் கடற்காற்றின் உப்பும் பட்டு, யாரும் பார்க்காமல் உக்கிப் போயிருந்தது.

பின் ஹீட்டருக்குப் போகும் வழியை எஞ்சின் பக்கத்திலேயே துண்டித்து, தரமான ஹோஸ் ஒன்றினால் இரு முனைகளையும் இணைத்தார். மூடி, கிளிப்புகள், மேல் ஹோஸ் ஆகியவற்றையும் மாற்றினார். மச்சாளின் மகன் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பொருட்களை வாங்கி வந்தான். சொல்லப்பட்ட லட்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட முடியவில்லை. ஊசி சிவப்பைத் தொடுமுன் நிறுத்தியதால் ஹெட் தப்பியது. பாடசாலை தொடங்கிய நாளில் வானும் ஓடியது.

அடுக்களையில் இருக்கும் பாடம்

அந்த பாஸ் வேலை செய்துகொண்டே சொல்லித் தந்த விடயங்கள் எனக்கு ஆச்சரியமாக இருந்தன. காரணம், பாதி எனக்கு ஏற்கனவே தெரிந்தவை.

வாகனத்தின் குளிரூட்டும் தொகுதி ஒரு பிறஷர் குக்கர்தான். தண்ணீர் கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். குக்கரை மூடி அமுக்கம் ஏற்றினால் அதைவிடக் கூடிய வெப்பத்திலும் கொதிக்காமல் இருக்கும். ரேடியேட்டர் மூடியும் அந்த வேலையைத்தான் செய்கிறது. நல்ல மூடி கொதிநிலையை ஏறத்தாழ 20 பாகை உயர்த்திக் கொடுக்கும். மூடியின் றப்பர் இறுகிப் போனாலோ, எங்காவது ஓட்டை விழுந்தாலோ அமுக்கம் நிற்காது. தண்ணீர் முன்கூட்டியே கொதித்துவிடும். மலையில் இது இன்னும் மோசம். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் திறந்த பானைத் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது. அங்கே சோறு வேக நேரமெடுப்பதும் அதனால்தான். கொழும்பில் சமாளித்த ஓட்டை மலையில் காட்டிக் கொடுத்ததன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது.

கொதிக்கும் குக்கரின் மூடியை விசில் அடங்குமுன் நாங்கள் திறப்போமா? ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். ஊசி ஏறினால் ஏசியை நிறுத்தி, வாகனத்தை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்க வேண்டும். குறைந்தது முக்கால் மணித்தியாலம் தொடக்கூடாது. மேல் ஹோஸைக் கையால் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பின்னரே மூடியைத் திறக்கலாம். சூடான எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. அடுப்பில் காய்ந்த மண்சட்டியில் தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா?

“குளிர் இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு, பைப் தண்ணீர் போதாதா?” என்று கேட்டேன். கூலன்டின் வேலை உறைவதைத் தடுப்பது மட்டுமல்ல என்றார். அதில் துருவைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. கொதிநிலையையும் அது கொஞ்சம் உயர்த்துகிறது. வெறும் தண்ணீர் உள்ளே இருக்கும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியுமல்லவா? அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். கூலன்ட் கலக்க, பற்றரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வோட்டரே நல்லது. கூலன்டை நிறம் பார்த்து வாங்கக் கூடாது. பச்சை, சிவப்பு என்பதெல்லாம் கம்பனிக்குக் கம்பனி மாறும். வாகனத்துக்கு உரிய வகை எது என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டு வகையைக் கலக்கக் கூடாது.

மஞ்சள் தூளைப் பற்றியும் கேட்டேன். ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்பது சாரதிமாரின் பழைய கைவைத்தியம். சிறிய துவாரமாயின், வழியில் நின்றவர் வீடு வந்து சேர அது உதவக்கூடும். ஆனால் ஓட்டையை அடைக்கிற தூள் நல்ல வழிகளையும் அடைத்துவிடும். கடையில் விற்கும் அடைப்பு மருந்துகளுக்கும் இது பொருந்தும்.

நாமே கண்டுபிடிக்கலாம்

ஒழுக்கைத் தேட எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடியவை இவை:

இரவில் வாகனத்தை நிறுத்தியதும் அடியில் ஒரு பெரிய காட்போர்ட் மட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் இருந்தால், எந்த இடத்துக்கு நேர் கீழே என்று பாருங்கள். நிறமோ மணமோ பிசுபிசுப்போ இல்லாத தெளிந்த நீர் என்றால் அது பெரும்பாலும் ஏசித் தண்ணீர், பயமில்லை. கறுத்து வழுக்கினால் எண்ணெய். நிறமும் இலேசான இனிப்பு மணமும் பிசுபிசுப்பும் இருந்தால் கூலன்ட். எங்களைப் போல வெறும் தண்ணீரை ஊற்றி ஓடினால் இந்த அடையாளம் மறைந்து போகும். மூன்று வாரம் எங்களுக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹோஸ்களின் முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் படிவு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு இருந்தாலோ, பழுத்த வாழைப்பழம் போல நெகிழ்ந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. வோட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துவாரம் இருக்கும். அதிலிருந்து ஒழுகினால் பம்ப் முடிகிறது என்று அர்த்தம். முன் காலடி விரிப்பு காரணமின்றி நனைந்து, உள்ளே இனிப்பு மணம் வந்தால் முன் ஹீட்டரைச் சந்தேகியுங்கள்.

வெளியே எங்கும் ஈரமில்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது என்றால் அது எஞ்சினுக்குள் போகிறது. புகைக்குழாயில் சூடான பின்னரும் வெள்ளைப் புகை, ரேடியேட்டர் வாயில் விடாத குமிழிகள், எண்ணெய்க் கோலில் பால்தேநீர் நிறம் ஆகியவை ஹெட் கேஸ்கட்டின் அறிகுறிகள். அப்போதுதான் ஹெட்டைப் பற்றிக் கதைக்க வேண்டும். அதற்கு முன் அமுக்கச் சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எங்களுக்கு மிச்சப்படுத்திய பணத்தை நான் மேலே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. ஊசியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. தண்ணீர் முழுவதும் போய்விட்டால், வெப்பத்தை அளக்கும் சென்சரைத் தண்ணீர் தொடாது. ஊசி கீழேயும் இறங்கி ஏமாற்றும். 1995 இல் வெளிவந்த ‘மாஸ்டா பொங்கோ ஃப்ரெண்டி’ என்ற ஜப்பானிய வான்களை இங்கிலாந்தில் பலர் வாங்கிக் கேம்பர் வான்களாக மாற்றிக் கொண்டார்கள். அங்கும் தண்ணீர் ஒழுகிப் போய் எஞ்சின் பழுதாவதே பெரிய தலையிடி. பின் ஹீட்டருக்குப் போகும் குழாய்கள் துருப்பிடிப்பதும் அவற்றில் தெரிந்த விடயம். அதனால் தண்ணீர் குறைந்தவுடன் சத்தமிடும் சிறிய அலாரம் ஒன்றைப் பூட்டிக் கொள்வது அவர்களிடையே வழக்கமாயிற்று. எங்கள் வானிலும் இப்போது ஒன்று இருக்கிறது.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு

கூலன்டில் உள்ள எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. அது இனிக்கும், அதுதான் ஆபத்து. பூனை நாய்கள் நக்கிவிடும். சிறு பிள்ளைகள் சர்பத் என்று நினைத்துவிடுவார்கள். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைத்து எத்தனை வீடுகளில் விபரீதம் நடந்திருக்கிறது! மீந்த கூலன்டை அப்படி ஒரு நாளும் வைக்காதீர்கள். அதன் சொந்தக் கலனில், மேல் தட்டில் வையுங்கள். சிந்தினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். யாராவது குடித்துவிட்டால் முதலில் போதை போலத் தள்ளாட்டம்தான் தெரியும். சிறுநீரகம் பாதிக்கப்படுவது பிறகுதான் வெளிப்படும். ஆகவே அறிகுறிக்காகக் காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கலனையும் கையோடு கொண்டு போங்கள்.

அன்றும் ஒரு பெண்

உலகில் முதன்முதலாக மோட்டார் வாகனத்தில் நீண்ட தூரம் பயணம் செய்தவர் ஒரு பெண் என்பது பலருக்குத் தெரியாது. 1888 ஆகஸ்டில் ஜேர்மனியில் பேர்தா பென்ஸ் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய வாகனத்தை அவருக்குச் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்மாரோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீற்றர் போனார். எரிபொருள் குழாய் அடைபட்டபோது தொப்பி ஊசியால் அதைக் குத்தி எடுத்தார். அந்த எஞ்சினின் தண்ணீர் ஆவியாகிக் கொண்டே போகும். ஆகவே வழி நெடுக நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் நிரப்பினார். வாகனத்துக்குத் தண்ணீர் பார்ப்பது ஆண்களின் வேலை என்று யார் எப்போது தீர்மானித்தார்களோ தெரியவில்லை!

அவருடைய கை ஆறச் சில வாரங்கள் சென்றன. வடு இருக்கிறது. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த மூன்று வார மௌனத்தின் மேல்தான். செலவுக்குப் பயந்து சொல்லாமல் இருந்தார். நானும் கேட்காமல் இருந்தேன். இருவருமாகச் சேர்ந்துதான் அந்த ஓட்டையை வளர்த்தோம். இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஹவ்லொக் வீதி நெரிசலில் அது நடந்திருந்தால்... அந்த நினைப்பு வரும்போது இப்போதும் உடல் நடுங்குகிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு வானோ முச்சக்கர வண்டியோ லொறியோ பிழைப்பைச் சுமந்து கொண்டிருக்கலாம். ஓட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். ‘கொஞ்சம்’ என்று பதில் வந்தால், ‘அது எங்கே போகிறது?’ என்று இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்.

எங்கள் வீட்டுக் காட்போர்ட் மட்டை இப்போது வாசற்படிக்குப் பக்கத்தில் சாத்தியிருக்கிறது. இரவில் விரிப்பது மகளின் வேலை. காலையில் பார்ப்பது என் வேலை. தேநீர்க் கோப்பையோடு அவர் வெளியே வந்து கேட்பார்.

“எப்பிடி?”

“காய்ஞ்சு கிடக்கு. எடுங்கோ.”